டெட்லிஃப்ட் நிற்கும் இடமும் கெடும் இடமும்

பெங்களூரில் ஜிம்முக்குப் போகும் நம்மூர்ப் பிள்ளைகள் பலர் இப்போது உடம்பை ஏற்றுவதோடு நிற்காமல் பவர்லிஃப்டிங் பக்கம் வருகிறார்கள். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றிலும் தூக்கிய அதிகபட்ச எடையைக் கூட்டினால் வருவதுதான் இந்த விளையாட்டின் கணக்கு. டெட்லிஃப்ட் என்பது பாரை, அதாவது இருபுறமும் எடைத் தட்டுகள் (பிளேட்) மாட்டிய இரும்புக் கம்பியை, தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நிற்பது. மூன்றில் அதுதான் ஆரம்பத்தில் வேகமாக ஏறும். 60 கிலோவில் தொடங்கியவர் சீக்கிரமே 100ஐத் தாண்டிவிடுவார். அப்புறம் ஒரு நாள் பார் பாதியில் நிற்கும். அடுத்த வாரமும் அதே இடத்தில் நிற்கும். உடனே "எனக்கு இந்த இடம்தான் வீக்" என்று முடிவுகட்டி, அந்த இடத்துக்கென ஒரு பயிற்சியைத் தேடிப் பிடித்துச் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். பார் நிற்கும் இடம் ஒன்று, காரியம் கெட்ட இடம் இன்னொன்று. பெரும்பாலும் ஒரு சாண் கீழேயே கெட்டிருக்கும். பல சமயம் பார் தரையை விட்டுக் கிளம்பும் முன்பே கெட்டிருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, பிடித்த பிறகு என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு முறை 2.5 கிலோ இன்னும் ஏறிக்கொண்டிருந்தால், செய்வதையே செய்யுங்கள். பலவீனம் என்று தனியாகத் தேட உங்களுக்கு எதுவும் இல்லை. நான்கைந்து வாரமாக ஒரே எடையில், ஒரே இடத்தில் பார் நின்றால்தான் இதற்குமேல் படிக்க வேண்டும்.

அப்படி நின்றாலும் முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாருங்கள். அமெரிக்க ஷிப்ட் முடித்து விடியற்காலை படுத்து, பிஜியில் சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டுவிட்டு வருபவருக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு 112 கிராம் வரும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான் இருக்கிறது. பிஜி சாப்பாட்டோடு முட்டை, தயிர், சுண்டல், கோழி என்று நாமாகச் சேர்த்தால்தான் கட்டுப்படியாகும்.

ஜிம்மில் இருக்கும் சாமானைப் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் யாரும் கவனிக்காத விஷயம் இது. போட்டியில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. அதனால் தரையில் வைத்த பாரின் நடு, தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். நம் ஏரியா ஜிம்களில் பல இடங்களில் 20 கிலோ பிளேட்டே அதைவிடச் சின்னது. அதுவும் தீர்ந்துபோய் இருபுறமும் 10 கிலோ பிளேட்டுகளை அடுக்கினால் பார் இன்னும் கீழே போய்விடும். நீங்கள் தரையில் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். தையல்காரர் டேப் ஒன்றை எடுத்துப்போய் அளந்து பாருங்கள். குறைந்தால் இருபுறமும் பிளேட்டுக்கு அடியில் ரப்பர் பாயோ, படுக்கவைத்த பிளேட்டோ கொடுத்து 22.5க்குக் கொண்டுவாருங்கள்.

பன்னிரண்டு பக்க ரப்பர் பிளேட்டுகள் இருந்தால் இன்னொரு தொல்லை. ஒவ்வொரு ரெப்புக்கும், அதாவது ஒவ்வொரு முறை தூக்கி இறக்கும்போதும், ஏதோ ஒரு விளிம்பில் போய் நின்று, பார் முன்னேயோ பின்னேயோ உருளும். அடுத்த ரெப்பை நின்ற இடத்திலிருந்தே எடுக்காதீர்கள். கையை விட்டுவிட்டு, காலைச் சரிசெய்து, புதிதாகப் பிடியுங்கள்.

ஓட்டத்துக்கான மெத்து மெத்து ஷூவில் டெட்லிஃப்ட் வேண்டாம். எடை ஏறினால் அடிப்பாகம் நசுங்கி உடம்பு முன்னால் சாயும். வெறுங்காலுக்கு அனுமதி தராத ஜிம்மாக இருந்தால், பள்ளிப் பிள்ளைகள் பி.டி. வகுப்புக்குப் போடும் வெள்ளை கேன்வாஸ் ஷூ போதும். சிவாஜி நகரில் எந்தச் செருப்புக் கடையிலும் கிடைக்கும்.

இங்கே பல ஜிம்கள் கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடி, மூன்றாம் மாடியில் இருப்பவை. எடையைப் போட்டால் கீழே மருந்துக் கடைக்காரர் ஏறி வந்துவிடுவார். கட்டுப்பாட்டோடு இறக்கப் பழகுங்கள். போட்டி விதியும் அதைத்தான் கேட்கிறது.

வீடியோ எடுங்கள்

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தூக்கினால் கழுத்துதான் திரும்பும், எதுவும் தெரியாது. போனை மூன்று மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில், நேர் பக்கவாட்டில் வையுங்கள். டம்பெல் ரேக்கின் மேல் தட்டு சரியான உயரம். கொஞ்சம் சாய்கோணமாக வைத்தாலும் பார் போகும் பாதை பொய்யாகத் தெரியும்.

அதிகபட்ச எடையில் 80 முதல் 85 சதவீதத்தில் ஒரு செட், அதாவது இடைவிடாமல் சில ரெப்கள், எடுங்கள். 140 கிலோ தூக்குபவருக்கு அது 112.5 முதல் 120. இதைவிடக் குறைந்தால் எல்லாம் அழகாகத் தெரியும். 100 சதவீதத்தில் எல்லாமே கோணலாகத் தெரியும். தோற்றுப்போன ஒரு முயற்சியின் வீடியோ ஏற்கெனவே இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மெதுவாக ஓட்டி நான்கு இடங்களில் நிறுத்துங்கள்: பார் தரையை விடுவதற்குச் சற்று முன், தரையை விட்ட அந்தக் கணம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, நிமிர்ந்து நின்றபின். ஒவ்வொரு படத்திலும் இவற்றைப் பாருங்கள். பார் பாதத்தின் நடுவுக்கு, அதாவது ஷூ லேஸ் முடிச்சுக்கு, நேர் மேலே இருக்கிறதா? பாருக்கும் காலுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா? இடுப்பும் பாரும் ஒன்றாக ஏறுகின்றனவா, இடுப்பு மட்டும் முந்துகிறதா? கீழ்முதுகின் வடிவம் தரையில் இருந்ததுபோலவே முழங்காலிலும் இருக்கிறதா?

இவற்றில் எது முதலில் மாறுகிறதோ அதுதான் உங்கள் பலவீனம். முதலில் மாறுவது எது என்பதே கேள்வி. கடைசியில் பார் எங்கே நின்றது என்பதை ஒரு ஓரமாகக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

கம்மனஹள்ளியில் நான் போகும் ஜிம்மில் ஒரு தம்பி இருக்கிறார், ஜோலார்பேட்டைப் பக்கம். "அண்ணா, முட்டிக்கு மேல வந்தா நின்னுடுது. லாக்-அவுட்தான் வீக்கு" என்றார். லாக்-அவுட் என்பது கடைசியில் முழுதாக நிமிர்ந்து முடிக்கும் கட்டம். பாரைத் தாங்கும் ரேக்கில் முழங்கால் உயரத்தில் பாரை வைத்து 180 கிலோ வரை இழுத்துக்கொண்டிருந்தார். ஆனால் தரையிலிருந்து 140 வரவில்லை. யோசித்துப் பாருங்கள், முழங்காலுக்கு மேலிருந்து 180 இழுப்பவருக்கு லாக்-அவுட் எப்படிப் பலவீனமாக இருக்க முடியும்? வீடியோவைச் சட்டகம் சட்டகமாக ஓட்டினோம். பார் தரையில் அசையாமல் கிடக்கிறது. ஆனால் இடுப்பு அதற்குள் நான்கு விரல் மேலே போய்விட்டது. அடுத்த சட்டகத்தில் பார் இரண்டு விரல் முன்னால் உருண்டு, அதற்குப் பிறகுதான் கிளம்புகிறது. அங்கிருந்து முழங்கால் வரை காலை விட்டுத் தள்ளியே போகிறது. முழங்காலைத் தாண்டும்போது முதுகு வளைந்து, கால் ஏற்கெனவே நீண்டுவிட்டது. மிச்ச வேலை எல்லாம் வளைந்த முதுகின் தலையில். நிற்காமல் என்ன செய்யும்? அவருக்கு நாங்கள் மாற்றியது தரையில் நிற்கும் முறையை மட்டும்தான். ரேக்கில் இழுப்பதை அடியோடு நிறுத்தினார். எடையை 110க்கு இறக்கிக்கொண்டு சில வாரம் பொறுமையாக இருந்தார். பிறகு 140 முழங்காலில் தயங்காமல் ஏறியது.

தரையிலேயே கெட்டால்

புதியவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு இங்கேதான் இருக்கும் என்பது என் எண்ணம். அதனால் இதை நிதானமாகப் பார்ப்போம். வலுவுக்கு முன் நிற்கும் முறை.

பாதங்களை இடுப்பு அகலத்தில் வைத்து, பார் லேஸ் முடிச்சுக்கு மேலே வரும்படி நில்லுங்கள். நின்ற நிலையில் கால் எலும்புக்கும் பாருக்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். பாரை அசைக்காமல் குனிந்து, காலுக்குச் சற்று வெளியே பிடியுங்கள். அப்புறம் கால் எலும்பு பாரைத் தொடும்வரை முழங்காலை முன்னே கொண்டுவாருங்கள். தொட்டவுடன் நிறுத்துங்கள். இடுப்பை அதற்குமேல் இறக்கக் கூடாது. ஸ்குவாட் போல் உட்கார்ந்து எடுத்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். எவ்வளவு தாழ்ந்து உட்கார்ந்தாலும் கனமான எடையில் இடுப்பு தன் இடத்துக்கு ஏறிய பிறகுதான் பார் கிளம்பும். அந்த ஏற்றத்தில்தான் பார் முன்னால் உருள்கிறது.

இப்போது நெஞ்சை நிமிர்த்துங்கள். அக்குளை யாரும் திறக்க முடியாதபடி மூடுவதாக நினைத்துக் கைகளை உடம்போடு இறுக்குங்கள். அக்குளுக்குக் கீழே முதுகின் இருபக்கமும் இருக்கும் லேட்ஸ் தசை இறுகுவது தெரியும். வயிற்றுக்குள் மூச்சை இழுத்து, யாரோ குத்த வருவதுபோல் சுற்றிலும் இறுக்குங்கள். பெல்ட் போட்டிருந்தால் அதை முன்னால் மட்டும் தள்ளாமல் பக்கவாட்டிலும் தள்ள வேண்டும்.

கடைசியாகத் தொய்வை எடுப்பது. அல்சூரில் சோமேஸ்வரர் கோயில் தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடம் முறுக்கேறி நேராகும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகே எல்லோரும் சேர்ந்து இழுப்பார்கள். தொய்வாக இருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் வடம்தான் குலுங்கும், தேர் நகராது. பாரும் அப்படித்தான். மெல்ல மேல்நோக்கி இழுங்கள். பாருக்கும் பிளேட்டுக்கும் நடுவில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். கை நீண்டு, முழங்கை நேராகி, எடை உள்ளங்காலில் ஏறியது தெரியும். பிளேட் இன்னும் தரையில்தான் இருக்கும். அந்த நிலையிலிருந்து காலால் தரையைக் கீழே தள்ளுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தும் பார் தரையை விட்டு நகரவே தயங்கினால்தான் வலு போதவில்லை என்று பொருள். தரையிலிருந்து முதல் பகுதியில் முழங்காலை நீட்டும் முன்தொடைக்கு நிறைய வேலை இருக்கிறது. அது போதாவிட்டால் உடம்பு இடுப்பைத் தூக்கி, வேலையைப் பின்தொடைக்கும் முதுகுக்கும் தள்ளிவிடும். இதற்கு மூன்று பயிற்சிகள்.

முதலாவது, தரையிலிருந்து 3 முதல் 5 செ.மீ. தூக்கி, இரண்டு வினாடி அப்படியே நிறுத்தி, பிறகு முழுதாகத் தூக்கும் பாஸ் டெட்லிஃப்ட். அதிகபட்சத்தில் 65 முதல் 70 சதவீதம், மூன்று ரெப், நான்கு செட். நிலை தவறியிருந்தால் அந்த இரண்டு வினாடியில் உடம்பே சொல்லிவிடும். எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது, 2.5 முதல் 5 செ.மீ. உயரமுள்ள பலகையிலோ ரப்பர் பாயிலோ நின்று தூக்கும் டெஃபிசிட் டெட்லிஃப்ட். அதற்குமேல் உயரம் வேண்டாம், முதுகு வளைந்துவிடும். உங்கள் ஜிம் பிளேட் ஏற்கெனவே சின்னதாக இருந்தால், தரையில் நின்று தூக்குவதே டெஃபிசிட்தான். மூன்றாவது, முன்தொடைக்கு, பாரைத் தோளின் முன்பக்கம் வைத்துச் செய்யும் ஃபிரன்ட் ஸ்குவாட் அல்லது பாரை மேல்முதுகில் உயர்த்தி வைத்துச் செய்யும் ஸ்குவாட், ஐந்தாறு ரெப்களாக.

முழங்காலுக்குக் கீழே கெட்டால்

தரையில் எல்லாம் சரி. பார் கிளம்பியும் விட்டது. ஆனால் கால் எலும்பின் நடுவில் பாருக்கும் காலுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறது. அப்படியென்றால் லேட்ஸ் விட்டுக்கொடுத்துவிட்டது. பார் காலை விட்டு முன்னே போகப் போக, அதே எடை இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் இன்னும் கனமாகிவிடும். முன்னே போன பாரைப் பாதி வழியில் திரும்ப இழுக்க யாராலும் முடியாது.

இதற்கு முழங்காலுக்கு ஒரு அங்குலம் கீழே நிறுத்தும் பாஸ் டெட்லிஃப்ட் செய்யுங்கள். எடை, செட் கணக்கு முன்பு சொன்னதுதான். நிறுத்தும்போது பார் காலில் ஒட்டியிருக்க வேண்டும். கூடவே கேபிளில் கையை நேராக நீட்டி மேலிருந்து தொடைவரை இழுப்பது, குனிந்து நின்று பாரை வயிற்றை நோக்கி இழுக்கும் பார்பெல் ரோ, இரண்டும் பத்துப் பன்னிரண்டு ரெப்களாக. ரோ செய்யும்போது எடையைக் குலுக்கி ஏற்றினால் லேட்ஸுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

கால் உரசிப் புண்ணாகும் என்ற பயத்தில் பாரைத் தள்ளிப் பிடிப்பவர்களும் உண்டு. முழங்கால்வரை வரும் கால்பந்து சாக்ஸ் போட்டால் தீர்ந்தது.

முழங்காலுக்கு மேலே கெட்டால்

முந்தைய இரண்டு இடங்களிலும் படம் சுத்தமாக இருந்தால் மட்டுமே இங்கே வாருங்கள். உண்மையான லாக்-அவுட் பலவீனம் புதியவர்களுக்கு அபூர்வம்.

இதில் மேல்முதுகு பற்றி ஒரு வார்த்தை. லாட்வியாவின் பவர்லிஃப்டர் கான்ஸ்டான்டின் கான்ஸ்டான்டினோவ்ஸ் 2009இல் பெல்ட் இல்லாமல் 426 கிலோ தூக்கினார். அவர் மேல்முதுகு நன்றாக வளைந்திருக்கும். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வளைத்துத் தூக்குவதுதான் வழி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மேல்முதுகை வளைத்தால் கை நீளமானதுபோல் ஆகும், தரையிலிருந்து எடுப்பது சுலபமாகும். ஆனால் அந்த வளைவை மேலே போய் நிமிர்த்தியாக வேண்டும், லாக்-அவுட் கனமாகும். பல வருடம் அந்த வடிவத்திலேயே பயின்று, அதை அசையாமல் தாங்கும் வலுவைச் சம்பாதித்தவர் அவர். கீழ்முதுகு எடையின் நடுவே வளைந்துகொண்டே போவது முற்றிலும் வேறு விஷயம். அது தொடர்ந்து நடந்தால் எடையைக் குறைத்தே ஆக வேண்டும்.

வலுவுக்கு ருமேனியன் டெட்லிஃப்ட் போல வேறொன்று இல்லை. நின்ற நிலையிலிருந்து முழங்காலைக் கொஞ்சம் மட்டும் மடித்து, இடுப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டே பாரைத் தொடையோடு உரசி இறக்குங்கள். பின்தொடை இழுபடும் இடத்தில், பெரும்பாலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, திரும்புங்கள். தரையைத் தொட வேண்டியதில்லை. எட்டு ரெப், மூன்று செட். புட்டத் தசைக்கு, மேல்முதுகை பெஞ்சில் சாய்த்து இடுப்பால் பாரை உயர்த்தும் ஹிப் த்ரஸ்ட் சேர்க்கலாம். பாரை உயரத்தில் வைத்து இழுக்கும் பிளாக் புல் செய்வதென்றால் முழங்காலுக்குக் கீழே வையுங்கள். மேலே வைத்தால் 180, 200 என்று ஏறும், மனசுக்குச் சந்தோஷமாக இருக்கும், தரையிலிருந்து தூக்கும் எடையில் பெரிதாக எதுவும் சேராது.

முடிக்கும்போது பின்னால் சாயாதீர்கள். நிமிர்ந்து, முழங்கால் பூட்டி, தோள் பின்னே இருந்தால் போதும். அதற்குமேல் சாய்வது கீழ்முதுகுக்குத்தான் வினை.

கால்களை அகட்டி, கைகளை உள்ளே பிடிக்கும் சூமோ முறையில் கதை தலைகீழ். தரையிலிருந்து கிளப்புவதுதான் அதில் கஷ்டம், கிளம்பிவிட்டால் மேலே சுலபம். சூமோவில் மேலே நின்றால் முதலில் பிடியையும் முழங்கால் உள்ளே மடங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

பிடி

பார் விரலிலிருந்து நழுவுவதால் நிற்பதும் உண்டு. உள்ளங்கையின் நடுவில் பிடித்தால் எடை ஏற ஏறத் தோலை இழுத்துக்கொண்டு விரலுக்கு வந்துவிடும். ஆரம்பத்திலேயே விரல்கள் தொடங்கும் இடத்தில் பிடியுங்கள். ஒரு கை முன்னும் ஒரு கை பின்னுமாகப் பிடிக்கும் மிக்ஸ்டு கிரிப்பில், மேல்நோக்கிய கையின் முழங்கையை மடக்கவே கூடாது. மடக்கினால் பைசெப்ஸ் தசைநார் அறுபடும் ஆபத்து இருக்கிறது. கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு உள்ளே பூட்டும் ஹுக் கிரிப் முதல் சில வாரம் வலிக்கும், பழகினால் நழுவாது.

கை வழுக்காமல் பூசும் சாக் பவுடருக்கு அனுமதி இல்லாத ஜிம்மாக இருந்தால் திரவ சாக் கேட்டுப் பாருங்கள், தரையில் கொட்டாது என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வார்ம்-அப் செட்களை இரண்டு கையும் மேலிருந்து பிடித்தே செய்து, கடைசி செட்டின் கடைசி ரெப்பை மேலே பத்து வினாடி பிடித்து நில்லுங்கள். கைக்குக் கட்டும் ஸ்ட்ராப் ருமேனியன் போன்ற துணைப் பயிற்சிகளுக்கு மட்டும். போட்டியில் அதற்கு இடமில்லை.

எட்டு வாரம் எப்படி ஓட்டுவது

வாரத்தில் இரண்டு நாள். 140 கிலோ அதிகபட்சம் என்று வைத்துச் சொல்கிறேன், உங்கள் எடைக்குச் சதவீதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை வழக்கமான டெட்லிஃப்ட், 112.5 கிலோவில் மூன்று ரெப், மூன்று செட். அதன்பின் ரோ. வியாழக்கிழமை உங்கள் பலவீனத்துக்கான பயிற்சி ஒன்று, ஒன்றே ஒன்று. பாஸ் டெட்லிஃப்ட் என்றால் 90 கிலோவில் மூன்று ரெப், நான்கு செட். அதன்பின் ருமேனியனோ ஃபிரன்ட் ஸ்குவாட்டோ மூன்று செட். முதல் மூன்று வாரம் இரண்டு நாளுமே வாரத்துக்கு 2.5 கிலோ ஏற்றுங்கள். நான்காம் வாரம் எடையையும் செட்டையும் ஏறக்குறைய பாதிக்கு இறக்கி உடம்புக்கு ஓய்வு. ஐந்தாம் வாரம் மூன்றாம் வாரம் விட்ட எடையிலிருந்து தொடங்கி ஏழாம் வாரம் வரை மறுபடி ஏற்றம். எட்டாம் வாரம் வியாழனை விட்டுவிட்டு, வார இறுதியில் புதிய அதிகபட்சத்தைச் சோதியுங்கள். அதே கோணத்தில் போனை வைத்து வீடியோ எடுங்கள். எடை ஏறாவிட்டாலும், முதலில் கெட்ட அந்தச் சட்டகம் சரியாகியிருந்தால் பாதை சரி, தொடருங்கள்.

பாஸ், டெஃபிசிட், பிளாக் புல் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அடைத்தால் எது வேலை செய்தது என்றும் தெரியாது, முதுகும் தாங்காது. டெட்லிஃப்ட் களைப்பு ஸ்குவாட்டையும் சேர்த்து இழுத்துவிடும்.

ஒரு பெங்களூர் விஷயம். வொயிட்ஃபீல்டிலிருந்தோ எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தோ சில்க் போர்டு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வந்து, இறங்கியதும் பாரைத் தொடாதீர்கள். இடுப்பு முன்பக்கம் இறுகி, கீழே குனியவே முதுகை வளைக்க வேண்டியிருக்கும். பத்து நிமிடம் நடங்கள், எடையில்லாமல் ஆழமாக உட்கார்ந்து எழுங்கள், வெறும் பாரில் ருமேனியன் செய்யுங்கள். அப்புறம் 60, 80, 100 என்று ஏறுங்கள். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் போகிறவர்களுக்கு இன்னும் ஓரிரு செட் அதிகம் தேவைப்படும்.

வலி

தசை வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். முதுகிலிருந்து புட்டம் வழியாகக் காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல், காலில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு இருந்தால் தூக்குவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஜிம் டிரெய்னர் முதுகைச் சொடுக்கிச் சரிசெய்துவிடுவார் என்று அவரிடம் போகாதீர்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையின் உட்பக்கம் உணர்வு போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கிறவர்களுக்கு

மாவட்ட, மாநில அளவில் போட்டிக்குப் போனால் சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பான ஐபிஎஃப் விதிகளையே பெரும்பாலும் சந்திப்பீர்கள். பலவீனத்தைச் சரிசெய்யும்போதே அவற்றையும் மனதில் வையுங்கள். பார் ஒருமுறை ஏற ஆரம்பித்தபின் சற்றே கீழிறங்கினாலும் தவறு. தொடைமேல் பாரைத் தாங்கவைத்து உந்தி ஏற்றினாலும் தவறு. லாக்-அவுட்டில் திணறுபவர்கள் இந்த இரண்டிலும்தான் மாட்டுகிறார்கள். நிமிர்ந்து நின்ற பிறகு தலைமை நடுவர் கையை இறக்கி 'டவுன்' சொல்லும்வரை இறக்கக் கூடாது, இறக்கும்போது இரண்டு கையும் பாரில் இருக்க வேண்டும். மூன்று நடுவர்களில் இருவர் வெள்ளை விளக்கு போட்டால் தூக்கியது செல்லும்.

முழங்காலுக்குக் கீழ்வரை வரும் நீள சாக்ஸ் கட்டாயம். தொடையில் டால்கம் பவுடர் பூசலாம், எண்ணெயோ கிரீமோ கூடாது. பெல்ட் 10 செ.மீ. அகலத்துக்கும் 13 மி.மீ. தடிமனுக்கும் மேல் போகக் கூடாது. கடையில் வாங்கும்போதே அளந்துவிடுங்கள்.

முதல் முயற்சிக்கு, மோசமான நாளிலும் மூன்று ரெப் எடுக்கக்கூடிய எடையைச் சொல்லுங்கள். 140 தூக்குபவர் 125 சொல்லலாம், இரண்டாவது 135, மூன்றாவது அன்றைய நிலவரம் பார்த்து 142.5. தோற்றாலும் எடையைக் குறைக்க முடியாது, அதே எடையையோ கூடுதலையோதான் கேட்க முடியும். ஒவ்வொரு முயற்சி முடிந்ததும் அடுத்த எடையை ஒரு நிமிடத்துக்குள் மேசையில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், வென்றவருக்கு 2.5 கிலோ கூட்டியும் தோற்றவருக்கு அதே எடையையும் அவர்களே போட்டுவிடுவார்கள். டெட்லிஃப்ட்தான் கடைசி என்பதால் காலையிலிருந்து ஸ்குவாட்டும் பெஞ்சும் முடித்த களைப்பில் உங்களுக்கு அது நினைவிருக்காது. மூன்று எடைகளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கூட வரும் நண்பர் கையில் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். வார்ம்-அப் அறையில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் மீதி என்று எண்ணிச் சொல்லும் வேலையும் அவருடையதுதான்.